ஐந்து இருபதுக்கு அறுபத்தொன்று

மூர் தெரு இரும்புக் குழாய்க் கடையில்
இருபத்தாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன்.
முக்கால் இஞ்ச், ஒன்றேகால் இஞ்ச், எல்போ, டீ, ரெட்யூசர்.
எண்கள் என்னிடம் பொய் சொன்னதில்லை.
நான்தான் சில சமயம் அவற்றிடம்.

கடன் நோட்டின் கடைசிப் பக்கங்களில்
இந்த ரமலானில் இன்னொரு கணக்கு.
சஹர் முடித்து நூற்று நாற்பத்தெட்டு.
பத்து மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு.
லுஹர் தொழுது வந்து தொண்ணூற்றாறு.
குத்தி ரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமே
என்று பக்கத்து ஸஃப் ஆள் இழுத்தார்.
முறியாது என்று ஹஜ்ரத் முடித்துவிட்டார்.

ஷஃபான் பிறை பத்தில் ஸ்டான்லிக்குப் போயிருந்தேன்.
சர்க்கரை ஓபியில் எனக்கு முன்னால் எழுபது டோக்கன்.
டாக்டர் நிவேதனா சீட்டில் மாத்திரைகளை இடம் மாற்றினார்:
காலை முழுசு நோன்பு திறப்புக்குப் போனது,
ராத்திரி மாத்திரை பாதியாகி சஹருக்கு வந்தது.
வைக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.
வைக்கலாம் என்றும் அவசரப்படவில்லை.
கிட்னி ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"எழுபதுக்குக் கீழ இறங்கினா திறந்துடுங்க.
முந்நூறு தாண்டினாலும் திறந்துடுங்க.
அப்போ மணி பார்க்காதீங்க, பாய்" என்றார்.
மணி பார்க்காதே என்பதை மட்டும்
சீட்டில் எழுதித் தரவில்லை.

இன்று பதினேழாம் நோன்பு.
அசருக்குப் பின் லோடு வந்தது, ஆள் வரவில்லை.
எண்ண நின்றவன் கையும் கொடுத்துத் தொலைத்தேன்.
நோட்டில் எட்டு எழுதப்போய்
பேனா எங்கோ சுருண்டது.
"இன்னா பாய், ஃபேன் சுத்துது, உனக்கு ஊத்துது?"
மீன்பாடி வண்டியை நிறுத்திவிட்டு ஏகாம்பரம் எட்டிப் பார்த்தான்.

குத்தினேன்.
அறுபத்தொன்று.
மணி ஐந்து இருபது.

பாங்குக்கு ஐம்பத்தெட்டு நிமிடம்.
கம்பெனி ரேட், ஒரு பைசா குறையாது என்று
ஊரையே திருப்பி அனுப்பியவன்
உள்ளங்கையளவு திரையிடம் பேரம் பேசினேன்.
ஐம்பத்தெட்டு நிமிடம்தானே, படுத்துக் கிடக்கிறேன்.
பதினாறு முழுசாக வைத்திருக்கிறேன்.
ஸ்ட்ரிப் பழசாக இருக்கும்.
விரலில் இரும்புத் தூள் இருந்திருக்கும்.
அறுபத்தொன்று
அறுபத்தொன்றாகவே இருந்தது.

ஏகாம்பரத்துக்கு எண் முக்கியமில்லை.
போன ஆடியில் கூழ் ஊற்றும் நாள்
விரதமென்று வெறும் வயிறு, இன்சுலின் மட்டும் வழக்கம்போல;
கொருக்குப்பேட்டையில் குடிதண்ணீர் லாரி வரிசையில்
அவன் சம்சாரம் குடத்தோடு விழுந்தாள்.
மூன்று நாள் கண் திறக்கவில்லை.
அதை அவன் இப்போது சொல்லவில்லை.
ஷட்டரைப் பாதி இறக்கினான்.
டிராயரில் குளுக்கோஸ் இருப்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.
ஸ்பூன் தேடினான், இல்லை;
அட்டையை மடித்து அள்ளிப் போட்டு
என் ஸ்கேலால் கலக்கினான்.

பிஸ்மி சொல்ல ஒரு கணம் வெட்கம்.
சொன்னேன்.
முதல் மடக்கு திருட்டு மாதிரி இறங்கியது,
அடுத்தது தண்ணீர் மாதிரி.

கால் மணி கழித்து எண்பத்து நான்கு.
பிறகு இரண்டு பிஸ்கட்.
ஏகாம்பரமும் ஒன்று எடுத்துக்கொண்டான்,
பசியே இல்லாமல்.

பள்ளிவாசல் கஞ்சி வரிசையில் தூக்கு, கேன், பெயிண்ட் வாளி.
பாங்கு கேட்டதும் எல்லார் கையும் பேரீச்சைக்குப் போயின.
என் கையும் போனது, ஒன்றோடு திரும்பியது.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று
இப்போது நினைக்கிறேன்.

நோட்டின் பின்பக்கம்:
பதினேழு. களா ஒன்று பாக்கி.
மார்கழியில் பொழுது சின்னது,
டாக்டரைக் கேட்டு அப்போது அடைக்கலாம்.
பதினெட்டைப் பற்றி
நாளைக்கு டோக்கன் எடுத்த பிறகுதான் பேச்சு.

"ஸ்டான்லிக்கு நடந்தா போவ?" என்கிறான் ஏகாம்பரம்,
கஞ்சித் தூக்கை ஹேண்டில்பாரில் மாட்டியபடி.
"காலைல அந்தப் பக்கம்தான் லோடு.
பைப்புக்கு நடுவுல குந்திக்கோ."